அம்மாவின் பச்சைக் கட்டங்கள்

எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு ‘ஐந்தெழுத்து மந்திரம்’ என்று பெயர் வைத்தது கட்டாரில் இருக்கும் அண்ணன். சாமி சமாச்சாரம் எதுவும் அதில் இல்லை. நாளுக்கு ஓர் ஆங்கிலச் சொல், சரியாக ஐந்து எழுத்து, கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு. ஒரு சொல்லைப் போட்டால், சரியான இடத்தில் விழுந்த எழுத்துக்குப் பச்சை, இடம் மாறியதற்கு மஞ்சள், இல்லாததற்குச் சாம்பல். முடிந்ததும் அந்த நிறக் கட்டங்களை மட்டும் குழுவில் போடலாம். எழுத்து வெளியே தெரியாது.

குழுவில் மூன்றே பேர்: அண்ணன், நான், அம்மா. அம்மா தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்று, நாவலப்பிட்டியில் தனியாக இருந்தார். காலைத் தேத்தண்ணி குடித்த கையோடு அவருடைய கட்டங்கள் வந்துவிடும். நான் கண்டியில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கடைசி வரியில் தோற்றுக்கொண்டிருப்பேன்; அவர் மூன்றே வரியில் முடித்திருப்பார். அண்ணன் உடனே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். கட்டம் வந்தாயிற்று, ஆகவே அம்மா சுகம். வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் சிக்னல் இல்லை என்பார். மலைநாட்டில் சிக்னல் இல்லை என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அம்மாவுக்கு ஆகாத சொற்கூட்டம் ஒன்று உண்டு. இரண்டாவது ஆர், நடுவில் ஏ, கடைசியில் ஈ. “பிரேவ், கிரேஸ், ஃபிரேம், கிரேன், டிரேட்... இந்தக் குடும்பத்துல மாட்டுனா ஒவ்வொருத்தனா கேட்டுக்கிட்டு நிக்காதடி. சம்பந்தமில்லாத ஒரு சொல்ல உள்ள அனுப்பி விசாரி. எவன் இருக்கான், எவன் இல்லன்னு அது வந்து சொல்லிரும்,” என்பார். நான் கேட்க மாட்டேன். ஒவ்வொருத்தனாகக் கேட்டுத் தோற்பதே என் வழக்கம்.

என்னோடு வேலை செய்யும் ஒருவரின் தகப்பன் நாவலப்பிட்டிப் பக்கம் தவறிப்போனார். விடிகாலையில் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். இழவு வீட்டுக்குப் போய்விட்டால் குளிக்காமல் அம்மா வீட்டு வாசலை மிதிக்க முடியாது. அதனால் முதலில் அம்மாவைப் பார்த்துவிடுவோம் என்று போனேன். சொல்லாமல் போனேன். பொங்கலுக்குப் பிறகு இப்போதுதான் வருகிறேன். திடீரென்று போய் நின்றால் முகம் எப்படி மலரும் என்று பார்க்கிற ஆசை.

கேட் திறந்தே கிடந்தது. அம்மா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். காலை வெயில் நேராக முகத்தில் அடித்தது. பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு கதிரையில் இருந்தார். ஊரே அவரை ராத்தா என்றுதான் கூப்பிடும். அம்மாவின் போன் அவர் கையில் இருந்தது.

“ஆர் பச்சை, ஏ பச்சை, ஈ பச்சை. டீ மட்டும் மஞ்சள் டீச்சர்,” என்றார் ராத்தா.

அம்மா கண்ணைச் சிமிட்டாமல் யோசித்தார். “டிரேட் போடுங்க.”

“அல்லாஹ்! எல்லாமே பச்சை!”

“அப்ப அனுப்பிருங்க ராத்தா. புள்ளைங்க பாத்துக்கிட்டு இருக்கும்.”

என் கைப்பையில் போன் ‘டிங்’ என்றது. அந்தச் சத்தத்துக்கு அம்மா முகத்தைத் திருப்பினார். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். நேராக என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இன்னைக்குப் பாண் வேணாம் தம்பி.”

என்னை ரொட்டி விற்க வருகிற பையனாக்கிவிட்டார் என்று சிரித்தேன். அம்மாவுக்கு நக்கல் கொஞ்சம் கூடுதல்தான். அம்மா சிரிக்கவில்லை. ராத்தா திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அம்மா, நான்,” என்று கையைப் பிடித்தேன். பார்க்க ஆசைப்பட்ட முகம் மாறியது. மலரவில்லை, பயந்துபோனது.

எனக்கு முன்கோபம் அதிகம். பயம் வந்தாலும் கோபமாகத்தான் வரும். “எப்ப இருந்து இப்படி? ஏன் சொல்லல?” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

“கத்தாதீங்க மகள்,” என்றார் ராத்தா. “ஒங்களுக்குச் சொல்ல வாணாம்னு டீச்சர்தான் சென்னாங்க.”

“புரைதாண்டி,” என்றார் அம்மா. “முத்துனாத்தான் வெட்டுவாங்க. முத்தட்டும்னு இருந்தேன். சொன்னா நீ வீட்டப் பூட்டிட்டு என்னயக் கண்டிக்கு இழுத்துட்டுப் போயிருவ. ஒன் மாடிவீட்டுல நான் யாரோட பேசுறது?”

கண்புரை முற்ற வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பொங்கலுக்கு வந்தபோது அவர் எனக்கு வடை சுட்டுப் போட்டார். பழகிய அடுப்படியில் கைக்குக் கண் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

இழவு வீட்டுக்குப் போகவில்லை. வேன் பிடித்துக் கண்டிக்குக் கூட்டி வந்தேன். கண் டொக்டர் ஒரு சிங்களப் பெண். வெகுநேரம் பார்த்துவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னார். இது புரை இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. போன பார்வை போனதுதான். மிச்சம் இருந்தால் மருந்து விட்டுக் காப்பாற்றலாம். எவ்வளவு மிச்சம் என்று மெஷினில் பார்க்க வேண்டும். முற்றட்டும் என்று அம்மா காத்திருந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். அம்மாவின் கட்டங்களுக்குக் கீழே அண்ணன் எழுதியிருந்தான்: “அம்மா சிங்கம்! இன்னைக்கும் கலக்கிட்டீங்க.” போனைச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அவன்மேல் என்ன பிழை? அவனுக்கும் எனக்கும் அம்மா என்றால் அந்தப் பச்சைக் கட்டங்கள்தான்.

சோதனை அறை இருட்டாக இருந்தது. பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷின். அதற்குள் அம்மா முகத்தை வைத்தார். இடது கண்ணை மூடிக் கட்டினார்கள். உள்ளே அங்கும் இங்கும் சின்ன வெளிச்சம் மின்னும், தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். மெஷின்காரர் சிங்களத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். அம்மா தலையாட்டினார். பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, போட்டிக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மெஷின்காரர் பக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். புள்ளி மாறி மாறி மின்னியது. மேலே, கீழே, ஓரத்தில், நட்டநடுவில். அம்மாவின் விரல் அசையவில்லை.

“ஏன்டி,” என்றார் அம்மா, கிண்ணத்துக்குள்ளிருந்து. “எப்பத்தான் ஆரம்பிப்பாங்க?”

மெஷின்காரருக்குத் தமிழ் தெரியாது. அம்மா என்ன கேட்டார் என்று கண்ணாலேயே என்னிடம் கேட்டார். நான் திரையை நோக்கித் தலையை அசைத்தேன். அவரே விளங்கிக்கொண்டு மெஷினை நிறுத்தினார். கட்டை அவிழ்த்து வலது கண்ணுக்கு மாற்றினார்.

“இப்பதாம்மா ஆரம்பிக்கிறாங்க,” என்றேன்.

விளக்குகள் மறுபடி மின்னத் தொடங்கின. நான் திரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.