களம்பூர் ரோட்டில் வந்த ஒலிம்பிக் ஜோதி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் போன ஞாயிற்றுக்கிழமை ஒலிம்பிக் நடந்தது. சிரிக்காதீர்கள், சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்து அப்படித்தான் அறிவித்தார். எலுமிச்சை ஸ்பூன், மியூசிகல் சேர், முதியோருக்கு பலூன் உடைத்தல். தொடக்கத்தில் ஒரு ஜோதி வேறு. பிளாஸ்டிக் குழல், அதன் வாயில் ஆரஞ்சுத் துணி, அடியில் பேட்டரியில் சுழலும் குட்டி விசிறி. துணி படபடக்க, அதை ஏந்தியபடி ஒரு மாமா லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். லிஃப்டிலிருந்து! எல்லோரும் செல்போனை உயர்த்தினார்கள். எனக்கோ அந்த நேரம் பார்த்து மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது. மண்ணெண்ணெயைக் கண்ணால் பார்த்தே பல வருஷம் ஆகிறது. ஆனாலும் அடித்தது.

அது ஆரணி நாற்றம். அமெரிக்கா மாஸ்கோவுக்குப் போகமாட்டேன் என்று முரண்டு பிடித்த வருஷம். பல நாடுகள் வராத அந்த ஒலிம்பிக்கில் நம் ஹாக்கி அணி தங்கம் வாங்கிவிட்டது. வராதவர்களைப் பற்றி ஊரில் யாரும் மூச்சு விடவில்லை. ஆரணிக்கும் ரோஷம் வந்துவிட்டது. நாமும் ஓர் ஒலிம்பிக் நடத்தினால் என்ன என்று ஒரு கமிட்டி கிளம்பியது.

கமிட்டித் தலைவர் பெரிய பட்டுப்புடவைக் கடைக்காரர். விளையாட்டு என்று அவர் ஆடியது சீட்டு மட்டும். மற்றபடி அவருக்குப் பிடித்த ஒரே போட்டி, மாலை போட யாராவது வந்தால் மற்றவர்களை முந்திக்கொண்டு கழுத்தை நீட்டுவது. எப்போதும் தோளில் சரிகைக் கரை போட்ட அங்கவஸ்திரம். கேட்டால், கேட்காவிட்டாலும், “அசல் பட்டு, நம்ம தறி” என்பார்.

நான் அப்போது பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். வேலையில் சேர்ந்து மூன்றாவது வருஷம். ஊரில் ஒலிம்பிக் என்ற சொல்லை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதத் தெரிந்தவள் என்பதால், விழாவில் படிக்க வரலாறு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உட்கார்ந்து எழுதினேன். கிரேக்க நாட்டில் அவர்களுடைய பெரிய கடவுளின் கோயில் வளாகத்தில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடந்தது, ஜெயித்தவனுக்கு ஆலிவ் இலைக் கிரீடம், ஆண்கள் அம்மணமாக ஓடினார்கள், மணமான பெண்கள் பார்க்கக்கூட வரக்கூடாது. ரோமாபுரி மன்னன் ஒருவன் தேரோட்டத்தில் கீழே விழுந்தும் அவனுக்கே முதல் பரிசு கொடுத்தார்கள். பிறகு நின்றுபோய், நூற்றாண்டுகள் கழித்து ஒரு பிரெஞ்சுப் பிரபு மீண்டும் தொடங்கினார். அவருக்கும் பெண்கள் ஓடுவது பிடிக்கவில்லை. ஊர் ஊராக ஜோதி ஏந்தி ஓடும் வழக்கமோ கிரேக்கர்களுடையது அல்ல. ஜெர்மனியில் சர்வாதிகாரி ஆண்டபோது பெர்லின் போட்டிக்காகக் கிளப்பிவிட்டது.

தலைவர் படித்தார். முகம் சுளித்தார்.

“இன்னா டீச்சர், அம்மணமா ஓடுனான்னு எழுதிகினு. பெரிய மனுஷங்கல்லாம் வர்றாங்க.”

அது போயிற்று. விழுந்த மன்னன் போனான், யாரையோ குத்திக்காட்டுவதுபோல் இருக்கிறதாம். சர்வாதிகாரியும் போனார். “ஜோதின்னா ஆதி காலத்துலேந்து வர்றதுன்னு போடுங்க. அழகா இருக்கும்.” பெண்கள் வரக்கூடாது என்ற வரியை மட்டும் இரண்டு முறை படித்துத் தலையாட்டினார். “இது இருக்கட்டும். அப்பவே தெளிவா இருந்துருக்கான் பாருங்க.” ஆயிரம் வருஷத்துச் சரித்திரத்தில் கடைசியில் மிஞ்சியது ஆலிவ் இலையும் அந்த வரியும்.

ஜோதி போளூரில் ஏற்றப்பட்டு, களம்பூர் வழியாக ஆரணி மைதானத்துக்கு வரவேண்டும். பாத்திரப் பட்டறையில் அடித்த பித்தளைத் தீவட்டி, உள்ளே மண்ணெண்ணெயில் ஊறிய துணி. தூக்கினால் தோள் இறங்கும், சாய்த்தால் சூடான எண்ணெய் கையில் சொட்டும். கடைக்காரர்களின் பிள்ளைகள் புது கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு ஒத்திகைக்கு வந்தார்கள். ஒருவன் இரண்டு பர்லாங்கில் வாந்தி எடுத்தான். ஒருவனுக்குக் கை சுட்டுவிட்டது என்று அவன் அம்மா வந்து சண்டை போட்டாள். கமிட்டி கையைப் பிசைந்தது. அப்போதுதான் நான் கஸ்தூரியின் பெயரைச் சொன்னேன்.

கஸ்தூரி களம்பூர் ரைஸ் மில்லில் அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காயவைக்கும் வேலை செய்தாள். என் வயதுதான் இருக்கும். ஒரு கைக்குழந்தை. எனக்கு அவள் பழக்கமானது என் சோற்றுப் பையால். நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது, அதனால் பகல் சாப்பாட்டுப் பை எனக்கு உயிர். ஒருநாள் பள்ளிக்குப் போகையில் போளூர் பஸ் களம்பூரில் மக்கர் பண்ண, வேறு பஸ்ஸில் ஏறிய அவசரத்தில் பையை மில் வாசல் கல்லிலேயே விட்டுவிட்டேன். பஸ் வேகம் எடுத்த பிறகு திரும்பிப் பார்த்தால், ஒருத்தி பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வருகிறாள். பஸ் நிற்கவில்லை. அவளும் நிற்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஜன்னல் வழியாகப் பையை நீட்டினாள். பெரிதாக மூச்சுக்கூட வாங்கவில்லை. “கொழம்பு கொட்டல டீச்சர், பாத்துக்குங்க” என்றாள்.

பெண் என்றதும் கமிட்டி முனகியது. தலைவர்தான் பெருந்தன்மையாகக் கையசைத்தார். “களம்பூர் ரோட்ல யாரு பாக்கப் போறாங்க? ஓடட்டும்.”

“மைதானம் வரைக்கும்தானே சார்?” என்று கேட்டேன்.

“மைதானம் வரைக்கும்தான்.”

விழா நாள் காலை, போளூரிலிருந்து களம்பூர் வரை ஜோதி ஜீப்பில் வந்தது. ஆமாம், ஜீப்பில். களம்பூரில் கஸ்தூரி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நின்றிருந்தாள். வாங்கினாள், ஓடினாள். நான் ஜீப்பில் பின்னால். வழியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நெல் லாரி ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. எண்ணெய் சொட்டும்போதெல்லாம் கை மாற்றிக்கொண்டாள், வேகம் மாறவில்லை. நான் படித்த படிப்பில் ஓடுவதற்கு ஆயிரம் இலக்கணம் உண்டு. அன்று அதெல்லாம் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

ஆரணி எல்லையில் டீக்கடை அருகே பேண்டு வாத்தியம், மாலைகள், போட்டோகிராபர், கமிட்டி மொத்தமும். நடுவில் தலைவரின் மகன், சலவை மடிப்பு கலையாத வெள்ளை நிக்கரில்.

“போதும்மா, குடு. குடுத்துட்டு அப்பிடி ஓரமா நில்லு” என்றார் தலைவர்.

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். “கிரவுண்டு வரைக்கும்னு சொன்னீங்களே டீச்சர்?”

நான் ஜீப்பிலிருந்து குதித்து இறங்கினேன். “சார், பேசினது அப்படித்தானே?”

“பேஜார் பண்ணாதீங்க டீச்சர். ஊருக்குள்ள சாமி ஊர்வலம் போற தெரு. பூஜை போட்டு ஏத்துற ஜோதி. காலனிப் பொண்ணு தூக்கிகினு வந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. ஜல்தி, டைம் ஆவுது.”

அவர் அதை மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. கஸ்தூரி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். கொஞ்ச நேரம் தீவட்டியையே பார்த்தாள். பிறகு டீக்கடைப் பக்கம் போய், கிளாஸ் கழுவும் வாளியில் அதைத் தலைகீழாக முக்கினாள். சொய்யென்று சத்தம், ஒரே புகை. சொட்டச் சொட்டக் கொண்டுவந்து பையன் கையில் கொடுத்தாள்.

“என்னுது அணைஞ்சிருச்சு. உங்களுத நீங்களே ஏத்திக்குங்க.”

பேண்டு நின்றுவிட்டது. ஈரத்துணி எதற்கும் பற்றவில்லை. தீப்பெட்டியில் கடைசிக் குச்சிதான் மிச்சம். பதற்றத்தில் பையன், அப்பாவின் தோளிலிருந்த அங்கவஸ்திரத்தை உருவித் தீவட்டியில் சுற்றி, நுனியில் நெருப்பு வைத்தான். வைத்திருக்கக் கூடாது. ஆரணியில் அசல் பட்டைக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாதவர் கிடையாது. கருகும், தலைமயிர் தீய்ந்த நாற்றம் வரும், அணைந்தும் போகும். தலைவரின் பட்டோ காகிதம்போலக் குபீரென்று எரிந்தது. நாற்றமும் காகித நாற்றம்தான்.

“அண்ணே, நம்ம தறின்னீங்களே!” என்று கூட்டத்தில் ஒரு குரல். பிறகு சிரிப்பு பற்றிக்கொண்டது. அதை அணைக்க யாராலும் முடியவில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவில் பையன் கொஞ்ச தூரம் ஓடினான். போட்டோகிராபர் கடமையைச் செய்தார். மைதானத்தில் என் வரலாற்றையும் வாசித்தார்களாம், நான் போகவில்லை.

கஸ்தூரியை பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று கூப்பிட்டேன். வேண்டாம் என்றாள். “கைல ஒண்ணும் இல்லாம ஒருவாட்டி ஓடிப் பாக்கறேன் டீச்சர்.” கையை வீசிக்கொண்டு வந்த ரோட்டிலேயே திரும்பி ஓடினாள். புளியமரங்களுக்கு நடுவே சிறுத்து மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரேக்கத் தலைநகரில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோது, ஓர் ஏழைப் பெண்ணை மாரத்தானில் சேர்க்கவில்லையாம். மறுநாள் தனியாகவே முழுத் தூரமும் ஓடினாளாம், அரங்கத்துக்குள் விடவில்லையாம். பல வருஷம் கழித்துப் படித்தேன். எனக்கு ஆச்சரியமே வரவில்லை. தலைவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மில்காரரும் கமிட்டிதான். மறுநாளே கஸ்தூரியை வரவேண்டாம் என்றுவிட்டார். “களம்பூர்ல மில்லுக்கா பஞ்சம்?” என்று அவள் வேறு களத்துக்குப் போனாள். என்னைப் பள்ளியில் நிற்கவைத்துக் கேட்டார்கள். வேறு டிரில் டீச்சர் கிடைக்காததால் விட்டுவிட்டார்கள். தலைவர் மட்டும் அடுத்த விழாவிலும் மாலை போட்டுக்கொண்டார். அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குக் களம்பூர் போயிருந்தேன். ரோட்டை அகலப்படுத்திப் புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். நெல்லை இப்போது இயந்திரம் காயவைக்கிறது, அந்தக் களத்தில் லாரிகள் நிற்கின்றன. ஆரணி மைதானம் இருந்த இடத்தில் கடைகள். கஸ்தூரியும் இல்லை. அவள் மகள் தையல் கடை வைத்திருக்கிறாள். நான் நடந்ததைச் சொன்னதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

“எங்கம்மாவா? ஓடுனாங்களா? முட்டி போயி செவுத்தப் புடிச்சிகினு நடந்ததுதான் டீச்சர் எனக்குத் தெரியும்.” பிறகு ஆசையாகக் கேட்டாள். “யாரும் போட்டோ புடிக்கலயா?”

“புடிச்சாங்கம்மா” என்றேன். “அவ கையிலேந்து வாங்கினதுக்கு அப்புறம்.”