வருகிறவர்களுக்காகக் கழுவிய சந்து

எங்கள் தாமான் குடியிருப்பின் கடைசிச் சந்துக்கு இந்த வருடமும் தார் விழவில்லை. கேட்கிறவர்களிடம் நகராண்மைக் கழகத்தைத் திட்டிக்கொண்டு திரிகிறேன். உண்மையில் திட்ட வேண்டியது என்னைத்தான்.

ஜாசின் பக்கம், நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை விற்று எங்களை வெளியே அனுப்பியபோது கட்டிக்கொடுத்த மலிவு விலை வீடுகள் எங்களுடையவை. வருடா வருடம் வட்டாரம் வளர்ந்துவிட்டதாக நகராண்மைக் கழகம் பெரிய பேனர் கட்டும். வளர்ந்தது எல்லாம் டவுன் முன்பக்கம்தான். ரவுண்டபோட்டில் நீரூற்று, கடைவரிசைக்கு முன்னால் நடைபாதை, அது பழசாகும் முன்பே அதன்மேல் இன்னொரு நடைபாதை. எங்கள் சந்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. மழை பிடித்தால் சந்தோரத்து லோங்காங் நிரம்பி, சாக்கடைத் தண்ணீர் வாசல்வரை ஏறி வரும்.

இதில் எல்லோரையும்விட அதிகம் சீரழிந்தது கடைசி வீட்டு அக்காதான். அவர் கணவருக்குச் சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது. சிறுநீரகமும் போய், ரத்தம் சுத்தம் செய்யப் பாச்சாங் டயாலிசிஸ் மையத்துக்குப் போய்வருகிறார். அழைத்துப்போகும் வேன் ஒருமுறை எங்கள் குழியில் மாட்டிக்கொண்டது. அதிலிருந்து டிரைவர் உள்ளே வருவதில்லை. அக்காதான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பெரிய ரோடு வரைக்கும் போக வேண்டும். ஒரு மழைநாளில் அண்ணன் நாற்காலியோடு சாக்கடையில் கவிழ்ந்தார். அதற்குப் பிறகு மேகம் கறுத்தாலே அக்காவின் முகமும் கறுத்துவிடும்.

இந்த வருட மேம்பாட்டுப் பணத்தில் எந்தச் சந்தைச் சரிசெய்வது என்று அதிகாரிகள் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார்கள் என்று தகவல் வந்தது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் எல்லோரையும் நான்தான் கூட்டினேன். வருவதற்கு முன் கோத்தோங் ரோயோங் போட்டு, எல்லோரும் கைசேர்ந்து இடத்தைச் சுத்தம் செய்துவிடலாம் என்றேன்.

"எதுக்குலா தங்கச்சி? இப்படியே விடு, வந்து பாக்கட்டும். அழுவுற புள்ளதான பால் குடிக்கும்?" என்றார் அக்கா.

"நல்லா இருக்குக்கா நீங்க சொல்றது. வர்றவங்க மூக்கப் பொத்திக்கிட்டு நிப்பாங்க. தோட்டத்து ஆளுங்கன்னாலே இப்படித்தான்னு பேச மாட்டாங்களா? நம்ம மானம் என்னா ஆவுறது?"

மானம் என்ற சொல் வந்ததும் எல்லோரும் என் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. தோட்டத்தில் பெரிய துரை லயத்து வீடுகளைப் பார்க்க வருகிறார் என்றால் முதல் நாளே வேலை வாங்கும் தண்டல் வந்து கத்துவார். சாக்கடையை வாரி, சுண்ணாம்பு தெளித்து, கொடியில் கிடக்கும் கிழிசல் துணியை எல்லாம் உள்ளே ஒளித்துவைப்போம். துரை முகம் சுளித்தால் அது துரைக்கு அல்ல, எங்களுக்கு அவமானம். துரையும் போய், தோட்டமும் போய், இந்தப் புத்தி மட்டும் போகவில்லை.

சனிக்கிழமை முழுக்க வேலை. லாரி ஓட்டும் பக்கத்து வீட்டுத் தம்பி எங்கிருந்தோ கல்லும் மண்ணும் கொண்டுவந்து கொட்டினார். குழிகளை நிரப்பி மிதித்துச் சமப்படுத்தினோம். லோங்காங்கை வாரினோம், ஓரத்தில் சுண்ணாம்பு அடித்தோம். திங்கட்கிழமை காலையில் வாசலுக்கு வாசல் கோலம். கறிபாப் பலகாரம் சுட்டு, தேத்தண்ணீர் கலக்கி, மேசை விரிப்பு வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, கைதட்டிச் சிரித்துக்கொண்டோம்.

அதிகாரிகளின் வண்டி பெரிய ரோட்டில் திரும்பும்போது, அக்கா நாற்காலியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். அண்ணன் கைலி கட்டியிருந்தார். ஒரு பக்கம் தொடைக்குக் கீழே கைலி காலியாகத் தொங்கியது. நான் ஓடிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"அக்கா, அண்ணன கொஞ்சம் உள்ளயே வச்சிருங்க. அவங்க போனதும் வெளிய வரட்டும்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பி உள்ளே தள்ளினார். அதைச் சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொண்டால் என்ன என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

வந்த அதிகாரி சின்ன வயது மலாய்ப் பெண். நல்ல வெயில், தரை காய்ந்து கிடந்தது. குழி எங்கே என்று கேட்டார். நாங்கள் நிரப்பிய இடத்தையே காட்டி, இங்கேதான் இருந்தது என்றேன். மழை பெய்தால் தெரியும் என்றேன். அவர் கோலத்தைப் படம் பிடித்தார், கறிபாப்பைப் பாராட்டினார், இந்த வட்டாரத்திலேயே இவ்வளவு சுத்தமான சந்தைப் பார்த்ததில்லை என்று மனதாரச் சொன்னார். எனக்குப் பெருமை வேறு. வெட்கங்கெட்ட பெருமை.

தார் பக்கத்துத் தாமானுக்குப் போனது. அங்கே லோங்காங்கில் ஊறிக் கிடந்த பழைய மெத்தையைக்கூட யாரும் எடுக்கவில்லை, பிழைக்கத் தெரிந்தவர்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு பலகை. முன்மாதிரிச் சந்து என்று மலாயில் எழுதி, முனையில் நட்டுவிட்டுப் போனார்கள். ஊரார் தலையிலும் சேர்த்து மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன். ஆனால் அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அடுத்த பெருமழையில் நாங்கள் போட்ட கல்லும் மண்ணும் லோங்காங்குக்கே போய்ச் சேர்ந்தன. காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெரிய ரோட்டில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா வாசலில் கைலியை இடுப்பில் செருகிக்கொண்டு, எந்தப் பக்கம் தள்ளலாம் என்று தண்ணீரைப் பார்த்து நின்றார். குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அண்ணன் இன்னும் கதவுக்கு உள்ளேயே இருந்தார். என்னைக் கண்டதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"இன்னிக்கி யாரும் பாக்க வர்றாங்களா தங்கச்சி? நான் வெளிய வரலாம்தான?"

கிண்டல் என்றால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார்.