நிர்மலா பார்க்காத தட்டு

நல்லம்பள்ளியில் பிறந்த நிர்மலா தருமபுரியில் மருத்துவ உளவியலாளர். சாப்பாட்டைச் சுற்றி வரும் மனக்கோளாறுகளைக் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்காரவைத்துத் தீர்ப்பது எப்படி என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. ஆறு வருட உழைப்பு. அதில் பொறுமை நிறைய, கண்டுபிடிப்பு கொஞ்சம் என்று அவளே சொல்வாள்.

தம்பதிகள் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து அவள் அறையில் சாப்பிடுவார்கள். அவர்கள் சம்மதத்தோடு கேமரா ஓடும்.

காரிமங்கலம் பக்கத்திலிருந்து வீரமணி தன் மனைவி மலர்விழியை அழைத்து வந்தான். "ஒரு கட்டுப்பாடில்லாம தின்னுறா மேடம். இவள அவங்க வூட்லயே வுட்டுட்டு வான்னு எங்கம்மா ஒத்தக்கால்ல நிக்குது."

மலர்விழி மறுக்கவில்லை. "ஆமாங்க" என்றாள்.

நான்கு சந்திப்புகள். அளவு மீறி உண்ணும் கோளாறு என்று முடிவு செய்து, மலர்விழியின் கதையை மூன்றாம் அத்தியாயத்தில் எழுதினாள் நிர்மலா.

அத்தியாயத்தை அனுப்ப வேண்டிய அன்று காலை, ஒரு விவரம் சரிபார்க்க அவர்கள் சந்திப்பு ஒன்றின் காணொளியை மறுபடி ஓட்டினாள். தற்செயலாகக் கண் வீரமணியின் கைமேல் விழுந்தது. களியைக் கிள்ளினான். குழம்பில் தொட்டான். வாய்வரை கொண்டுபோனான். மலர்விழி குழம்புத் தூக்குச்சட்டியை எடுக்கத் திரும்பியதும் கை தட்டுக்கே இறங்கியது. மறுபடி. மறுபடி. விழுங்கியது இரண்டே வாய். அவன் எழுந்து கைகழுவப் போனதும், அதே தட்டில் அவன் மிச்சத்தோடு தன் களியையும் போட்டுக்கொண்டு மலர்விழி உட்கார்ந்தாள்.

நிர்மலா மற்றதையும் ஓட்டினாள். மற்ற மூன்று காணொளிகளிலும் அதேதான். கணவன் தட்டில் மனைவி சாப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். நிர்மலாவின் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டாள். பழகிப்போனதை யாரும் பார்ப்பதில்லை, பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அத்தியாயத்தை அவள் அனுப்பவில்லை.

அடுத்த சந்திப்பில் இரண்டு தட்டுகள் வைத்தாள். "இன்னிக்கு ஆளுக்கொரு தட்டுங்க. ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க."

வீரமணியின் முகம் வெளுத்தது. "அப்பறம் பாத்துக்கலாங்களே."

"வுட்ருங்க மேடம், அவரால முடியாது" என்றாள் மலர்விழி.

நிர்மலா அதிர்ந்துபோனாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"ஏழு மாசமாத் தெரியுங்க. பெல்ட்டுல நாலு ஓட்டை புதுசா போட்டிருக்காரு, அத நான் பாக்காம யாரு பாக்கறது? மிச்சம் கெடந்தா அத்தை ஊரையே கூட்டிரும். அதான் நானே தின்னேன்."

வீரமணி மனைவி பக்கம் திரும்பினான். "அப்பறம் எதுக்கு நான் சொன்னதுக்கெல்லாம் ஆமாம்னே?"

"உங்களுக்கு நோவுன்னு சொன்னா வந்திருப்பீங்களா? எனக்குன்னதும் பஸ் ஏத்திக் கூட்டியாந்தீங்க இல்ல?"

நிர்மலா குறிப்பேட்டை மூடி வைத்தாள்.

மலர்விழி ஒரு தட்டை அவன் பக்கம் தள்ளினாள். "இனிமே உங்க மிச்சத்த நான் தின்ன மாட்டேன். வயிறு தாங்கல சாமி."

வீரமணி உட்கார்ந்து களியைக் கிள்ளினான். இரண்டு பெண்களும் அந்தக் கையையே பார்த்தார்கள். திருட்டுத்தனமாய் இறங்க இடமில்லாமல் அது வெகுநேரம் பாதியில் நின்றது. பிறகு வாய்க்குப் போனது.