மனு வாங்கும் ஜன்னலுக்கு வெளியே

வக்கீல் குமாஸ்தா என்றால் சட்டப் புத்தகம் சுமப்பவன் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அவன் சரியான மனுப் பாரத்தைத் தேடி அலைகிறவன், கிடைத்த பிறகு அதை வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறவன்.

காரைக்காலில் நான் அந்த வேலை பார்த்தது, பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன புதிதில். கொடி போயிற்று, பாரங்கள் போகவில்லை. சட்டமும் பழைய பிரெஞ்சுச் சட்டம்தான். பாரங்களில் பாதி பிரெஞ்சில் இருக்கும், பாதி சென்னையிலிருந்து வந்திறங்கிய இங்கிலீஷில் இருக்கும். மனுக் கொடுக்க வருகிறவர்களுக்குத் தெரிந்ததோ தமிழ். இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு கம்பி ஜன்னல். அதற்குப் பின்னால் மனு வாங்கும் கிளார்க், எல்லைக்கு அந்தப் பக்கம், சென்னை ராஜ்யத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். அவர் பெயர் வேண்டாம், ஜன்னல்காரர் என்றே எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். நீங்களும் எங்காவது ஒரு ஜன்னலுக்கு முன்னால் வியர்த்து வழிய நின்றவர்தானே? அப்படியானால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

மீசை வைத்த பெண்

தலத்தெரு மரிசூசைக்கு ஆறடி உயரம், முறுக்கிவிட்ட மீசை. துறைமுகத்தில் காவல்காரர் வேலை கிட்டத்தட்டக் கிடைத்துவிட்டது. அதற்குக் காட்ட வேண்டிய பிறப்புப் பதிவில் அப்பா பெயர் தப்பாக இருந்ததால், அதைத் திருத்த மனுப் போட வந்தார். பதிவு நகல் பிரெஞ்சில் இருந்தது. மரிசூசை என்பதை அந்தக் காலத்துப் பாதிரியார் பிரெஞ்சு வழக்கப்படி 'மரி ழோசெப்' என்று எழுதியிருந்தார். ஜன்னல்காரர் முதல் பாதியைப் படித்தார், நிமிர்ந்தார், "அந்த அம்மா வரலையா?" என்று கேட்டார்.

"நான்தாங்க அது," என்றார் மரிசூசை. ஜன்னல்காரர் ஒப்பவில்லை. மரி என்றால் பெண் பெயராம். பதிவிலேயே 'ஆண்' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும் வரியை விரல் வைத்துக் காட்டினேன். பிரெஞ்சை நான் படித்துச் சொன்னால் செல்லாது, கோர்ட் மொழிபெயர்ப்பாளர் எழுதித் தரவேண்டும் என்றார். மொழிபெயர்ப்பாளரோ புதுச்சேரிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் சாவகாசமாகத் திரும்பி வருவதற்குள் துறைமுக வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. மரிசூசை நகலை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஜன்னலுக்குப் போய், "ஆளை நேர்ல பார்த்தீங்களே சார், அவ்வளவு பெரிய மீசைகூடவா உங்க கண்ணுக்குத் தெரியல?" என்று சத்தம் போட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

"தெரிஞ்சுது சார், ஆனா மீசையை எழுத இந்தப் பாரத்துல கட்டம் இல்லையே!"

மனு கொடுத்தவளுக்கே வந்த சம்மன்

பூவத்தில் நாற்று நட்டுப் பிழைப்பவள் அஞ்சலை. புருஷன் அவளையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், தரங்கம்பாடி ரோட்டில் இருந்த தன் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். பிள்ளைகளின் சாப்பாட்டுக்காவது அவன் வழி செய்ய வேண்டும் என்று மனு. "எதிராளியின் வீடு" என்ற கட்டத்தில் அக்கா வீட்டை எழுதினேன். ஜன்னல்காரர் திருப்பித் தள்ளினார். எங்கள் கோர்ட் எல்லைக்குள் இருக்கும் வீட்டைத்தான் எழுத வேண்டுமாம். இந்தப் பக்கம் அவனுக்கு இருந்த ஒரே வீடு பூவத்து வீடு. அதை எழுதிக் கொடுத்தேன். சம்மன் கொண்டுபோகும் அமீனா ஒழுங்காக அங்கே போனார், ஒழுங்காக வீட்டில் இருந்தவள் கையில் சம்மனைக் கொடுத்தார், ஒழுங்காகத் திரும்பி வந்தார். மறுநாள் அஞ்சலை அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். "அய்யா, நான் அவருமேல குடுத்த மனு என்கிட்டயே வந்து நிக்குது, இதுக்கு நான் என்ன பதில் சொல்லணும்?"

வழியும் அவளே சொன்னாள். அந்தப் பக்கம் மதுவிலக்கு. அதனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புருஷன் எல்லை தாண்டி, பூவத்துச் சாராயக்கடைக்குத் தவறாமல் வந்துவிடுவான். புதுப் பாரம் வாங்கி, விலாசக் கட்டத்தில் சாராயக்கடை என்று எழுதினேன். ஜன்னல்காரர் அதை இரண்டு விரலால் தூக்கி வெளியே போட்டார். கோர்ட் காகிதத்தில் சாராயக்கடையா, கோர்ட்டின் கௌரவம் என்னாவது என்றார். இரண்டு பிள்ளைகள் பட்டினி கிடந்தால் போகாத கௌரவம், கடைப் பெயரை எழுதினால் போய்விடுமாம்! எங்கள் வக்கீலிடம் சொல்லி, மனுவை நேராக நீதிபதி முன்னாலேயே வைக்கச் செய்தேன். அன்று சாயங்காலமே அமீனா கடைக்குப் போய், கிளாஸும் கையுமாக நின்றவனிடம் சம்மனைக் கொடுத்தார். பிள்ளைகளுக்கும் பிறகு ஒரு வழி பிறந்தது. என் வக்கீல் வாதாடியதால் வந்த பலன் என்று அவர் சொல்லிக்கொள்வார். எனக்குத் தெரியும், இது என்னம்மா விலாசம் என்று நீதிபதி கேட்டபோது அஞ்சலை சொன்ன பதில்தான் காரணம்.

"வீட்டை எழுதினா காகிதம் வீட்டுக்குப் போவுங்க, அவருக்குப் போவணும்னா அவர் இருக்கிற எடத்தத்தான எழுதணும்?"

கோர்ட்டில் கரை ஏறிய கட்டுமரம்

மண்டபத்தூர்க் கடற்கரையில் வலை போடும் இடத்துக்காக இரண்டு குடும்பத்துக்குள் கைகலப்பு. போலீஸார் வந்து, சாட்சிப் பொருள் என்று, அதில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த கலியனுடைய கட்டுமரத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக் கோர்ட் வளாகத்தில் இறக்கிவிட்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் சண்டை சமாதானமாயிற்று, வழக்கும் முடிந்தது. கட்டுமரம் மட்டும் புங்க மரத்தடியில் கிடந்தது.

பிடித்து வைத்த பொருளைத் திரும்பக் கேட்க ஜன்னலில் ஒரே ஒரு பாரம்தான் இருந்தது. அது மாட்டு வண்டிக்கு அச்சடித்தது. சக்கரம் எத்தனை, மாடு என்ன நிறம், கொம்பு எப்படி என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். "இது கட்டுமரம் சார்," என்றேன். "இல்லாததுக்கெல்லாம் இல்லைன்னு போட்டுக் குடுங்க," என்றார். போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "சக்கரம் இல்லை, மாடு இல்லை, கொம்பு இல்லை. அப்புறம் எந்த வண்டியைத்தான் சார் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மீன் நன்றாகப் படும் பருவம் அது. சொந்த மரம் வைத்திருந்த கலியன் பிறத்தியாரின் மரத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதி, தலைமை கிளார்க் விடுப்பு முடிந்து வந்த அன்று வாசலிலேயே மறித்து நின்று கையெழுத்து வாங்கினேன்.

உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கலியனும் நானும் புங்க மரத்தடிக்குப் போனோம். கயிறெல்லாம் இற்று, கட்டைகள் வெயிலில் வெடித்துத் தனித்தனியாக உருண்டு கிடந்தன. நல்ல நீளமான ஒன்றை நிழலுக்கு இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் ஜன்னல்காரர். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கலியன் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தாமே முன்னால் போனார்.

"சாப்பிட்டு முடிங்க சார், அப்புறம் கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா நான் கடலுக்குப் போவணும்."

விலாசக் கட்டம்

கதீஜா நாச்சியாரின் கணவர் பாய்க்கப்பலில் சுக்கான் பிடித்தவர். நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்குச் சரக்கு ஏற்றிப் போன கப்பல் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. வருஷங்கள் ஓடின. மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்தாயிற்று. வீட்டை மகள் பேருக்கு எழுதி வைத்தால்தான் அவர்கள் குடும்பத்தில் நிக்காஹ் நடக்கும். வீடோ காணாமல் போனவர் பேரில் இருந்தது. அவர் இனி வரமாட்டார் என்று கோர்ட் சொன்னால்தான் வீட்டைத் தொட முடியும். எங்கள் ஆபீஸில் வந்து உட்கார்ந்த அந்த அம்மாவிடம், கணவர் இறந்துவிட்டாரா என்ற கேள்வியை நான் வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்தேன். அவர் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். "எழுத்துல என்ன வேணுமோ போட்டுக்குங்க தம்பி. மவுத்தா போயிட்டாகன்னு என் வாயால மட்டும் சொல்லச் சொல்லாதீங்க," என்றார். நான் அதற்குமேல் எதையும் கேட்காமல் நானே எழுதி முடித்தேன்.

ஜன்னல்காரர் பாரத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றார். "காணாமல் போனவருடைய தற்போதைய விலாசம். இது காலியா இருக்கே?"

"காணாமல் போனவர் சார்," என்றேன்.

"சரி, அதுக்காகக் கட்டத்தைக் காலியா விடலாமா? காலியா இருந்தா வாங்கக் கூடாதுன்னு உத்தரவு."

எத்தனையோ முறை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அன்று முடியவில்லை. கம்பியைப் பிடித்து உலுக்கி, அந்தப் பாரத்தை அச்சடித்தவனிலிருந்து அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவர் வரைக்கும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். வராந்தாவில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். கதீஜாம்மா மெல்ல முன்னால் வந்து, "விலாசம் தெரிஞ்சா நான் அங்கல்ல போயிருப்பேன், இங்க ஏன் வர்றேன்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கடல்னு எழுதிக் குடுங்க தம்பி," என்றார். எழுதினேன். ஜன்னல்காரர் வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "எந்தக் கடல்?" என்று கேட்டார். வங்காள விரிகுடா என்று பக்கத்தில் சேர்த்தேன். உடனே முத்திரை விழுந்தது.

விசாரணை, விளம்பரம், மறுவிசாரணை என்று இழுத்தடித்து ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், பொறுத்திருந்தார்கள். நிக்காஹுக்கு முன்னால் நகல் வாங்க கதீஜாம்மா வந்தார், நானும் கூடப் போனேன். நகலை நீட்டிய ஜன்னல்காரர், அதன் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த வரியை, எல்லாருக்கும் படித்துச் சொல்வது போல அவருக்கும் படித்துச் சொன்னார். "சம்பந்தப்பட்டவர் விலாசம் மாறினா உடனே கோர்ட்டுக்குத் தெரிவிக்கணும்மா." கதீஜாம்மா நகலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"மாறிச்சுன்னா, சந்தோஷமா ஓடி வந்து ஒங்ககிட்டதான் தம்பி மொதல்ல சொல்லுவேன்."

தீர்ப்பு நீதிபதி கையில் இருக்கிறது என்று நம்பி நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவர்கள் இன்னும் ஒரு மனுவோடு அந்த ஜன்னலுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.