தமிழில் எடுத்த பிரமாணம்

நாடு குடியரசானபோது நான் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தமிழ்த் தட்டெழுத்தாளராக இருந்தேன். புதிய அரசியலமைப்பை வரைந்துகொண்டிருந்த நாட்களில், பொதுமக்களும் யோசனை அனுப்பலாம் என்று பத்திரிகையில் பார்த்து, எங்கள் மொழிக்கும் சம இடம் வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதித் தபாலில் போட்டேன். பதில் வரவில்லை. அரசியலமைப்புத்தான் வந்தது. அதில் அரச மொழி சிங்களம் மட்டுமே.

அரசாங்க ஊழியர் எல்லோரும் அதற்கு விசுவாசமாக இருப்பதாகப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று உத்தரவு. குறித்த நாள் காலையில் கந்தோரில் வரிசையாக நின்றோம். என் முறை வந்ததும் எங்கள் தலைமை எழுத்தரான பிரதம லிகிதர் நீட்டிய கடதாசி முழுக்கச் சிங்களம். எனக்குச் சந்தையில் பேசுமளவுக்குத்தான் சிங்களம் தெரியும், வாசிக்கத் தெரியாது. அந்த அரைகுறைச் சிங்களத்திலேயே அவரிடம் கேட்டேன்.

"தமிழ்ல இல்லையா, சேர்?"

"இல்லை. எல்லாரும் இதிலதானே போட்டாங்க."

"வாசிக்கத் தெரியாததுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

எனக்குப் பின்னால் நின்றவர் பிலிமத்தலாவையிலிருந்து வரும் முஸ்லிம் லிகிதர், நாலு பிள்ளைகளின் தகப்பன். அண்ணன் முறையில் நான் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். காதருகே குனிந்தார்.

"தங்கச்சி, வேல போயிரும். போட்டுட்டு வாங்க."

"நீங்க போடுங்க நானா. உங்கள நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி அலுமாரியில் இருந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு அதிலிருந்த பிரமாண வாசகத்தைத் தட்டச்சில் அடித்தேன். அவசரத்தில் இரண்டு எழுத்துப் பிழைத்தது. தாளைக் கிழித்துவிட்டு மறுபடி அடித்து, கையெழுத்திட்டு, பிரதம லிகிதரின் மேசையில் வைத்தேன்.

"இது செல்லாது" என்றார்.

"செல்லாதுன்னா அரசியலமைப்பத் தமிழ்ல ஏன் சேர் அச்சடிச்சாங்க?"

அவர் தாளை எடுத்துக் கோப்பில் வைத்தார். "மேலிடத்துக்கு அனுப்புறேன். என்ன வந்தாலும் உன் பொறுப்பு."

"என் பொறுப்புத்தான்."

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது, அதுவும் சிங்களத்தில். நானாதான் வாசித்துச் சொன்னார். பிரமாணத்தை ஏற்றுக்கொண்டார்களாம். அடுத்த வரியில் அவர் குரல் இறங்கிவிட்டது.

"கம்பளைக்கு மாத்திட்டாங்க, தங்கச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. வேலையே போகும் என்றிருந்தேன்; தண்டனை பக்கத்து ஊருக்கு மாற்றம்தான்.

"கம்பளைக்கு ரயில் ஓடுதுதானே, நானா. போறேன்."