ஜெசிந்தா அக்காவின் பென்சில் கேள்வி

ஜெசிந்தா அக்கா இறந்த செய்தி எனக்கு நான்கு மணி நேரம் தாமதமாகத்தான் கிடைத்தது. பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், சிப் தயாராகும் அறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே. மதியச் சாப்பாட்டுக்கு உடுப்பைக் கழற்றிவிட்டு லாக்கரைத் திறந்தால் என் மனைவி ஸ்டெல்லாவின் செய்தி: "ஜெசிந்தா அக்கா காலையில இறந்துட்டாங்க. கேன்சராம். யார்கிட்டயும் சொல்லலயாம். நீங்க மோட்டோ ஓட்டாதீங்க, காடியில வந்து நான் கூட்டிக்கிறேன்."

எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. 'என் பக்கம் நின்று பேசியவரை எடுத்துக்கொண்டார். அடுத்தது பிள்ளைதான்' என்றுதான் தோன்றியது. எடுத்துக்கொண்டவர் என்று நான் சொன்னது கடவுளை. ஸ்டெல்லாவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

அக்காவின் முப்பதாம் நாள் பூசைக்கு வரப்போகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் மனநல ஆலோசகர் என்பது நம் பங்குக் கோயிலில் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் போனோம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில் அவர் அறை. படிக்கட்டு மிகக் குறுகல். ஒருவர் இறங்கினால் ஏறுகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஞாயிறு பூசையில் சிரித்துச் சமாதானம் சொல்கிற முகங்கள் அங்கே சுவரைப் பார்த்தபடி கடந்து போகும். நானும் அப்படித்தான் கடந்தேன். ஒளித்தது போதும். பதினான்கு மாதம் அங்கே போனவன் நான்.

காரணம் இது. எனக்குப் பதினாறு வயதில் அப்பா மாரடைப்பில் விழுந்தார். ஐ.சி.யூ. வாசலில் மண்டி போட்டு, அப்பா பிழைத்தால் சாமியாராகக் குருமடத்தில் சேர்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அப்பா பிழைத்தார். இன்றும் தினம் காலையில் ரொட்டி சானாய் சாப்பிடுகிறார். நான் பொறியியல் படிக்கப் போய்விட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு முறை கரு கலைந்தது. பழுதான சிப்பில் பழுதின் மூலகாரணத்தைத் தேடுவது என் தொழில். வீட்டிலும் தேடினேன். இரண்டு முறையும் விடை, நேர்ச்சையை மீறிய நான்தான் என்று வந்தது. இனிமேல் பிள்ளையே வேண்டாம் என்று சொன்னேன். "அக்காகிட்ட போங்க, இல்லாட்டி நான் அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள் ஸ்டெல்லா.

முதல் நாள் ஐந்தே நிமிடத்தில், ஒரு பழுது அறிக்கையைப் படிப்பதுபோல எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அக்கா அழவும் இல்லை, தலையை ஆட்டவும் இல்லை.

"தம்பி, நானும் பதினோரு வருஷம் ஃபேக்டரி லைன்ல நின்னவதான். ஒண்ணு கேக்கிறேன். பதினாறு வயசுல அழுதுகிட்டே நீங்க சொன்ன ஒரு பேச்ச உங்க மேனேஜரு ஞாபகம் வச்சிருந்து, இத்தன வருஷம் கழிச்சி உங்க பொண்டாட்டிய வந்து அடிக்கிறாரு. என்ன செய்வீங்க?"

"எச்.ஆர்.-க்குப் போவேன்."

"போலீசுக்குப் போங்க லா! எச்.ஆர். என்னத்த கிழிக்கும்?"

சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்தில் பயம் வந்து மேலே பார்த்தேன்.

"ஃபேன் விழாது. நானே நின்னு மாட்ட வச்சேன்" என்றார்.

அவர் தவறே செய்யாதவர் என்று எழுதினால் அவருக்கே பிடிக்காது. நான் போகத் தொடங்கிய மூன்றாம் மாதம் ஒரு நாள், கருவிலிருக்கும் பிள்ளையைக் கடவுளே உருவாக்கிக் காக்கிறார் என்ற பைபிள் வசனத்தைப் படித்துக் காட்டினார். எழுந்து வந்துவிட்டேன். அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்பவர் என் இரண்டு பிள்ளைகளை என்ன செய்தார்? அடுத்த வாரம் நான் உட்காரும் முன்பே சொன்னார்: "தப்பு என்னுது. நீங்க வலிக்குதுன்னு சொன்னது எனக்குத் தாங்கல. அதான் வசனத்த வச்சி உங்க வாய மூடிட்டேன்." நம் பங்கில் என் வாயை அப்படி மூடியவர்கள் பலர். மன்னிப்புக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

நேர்ச்சையை விடுவிக்கும் அதிகாரம் தனக்குக் கிடையாது, அது பங்குச் சாமியாரின் வேலை என்று என்னை அனுப்பியதும் அவர்தான். சாமியார் நின்றபடியே கேட்டார். எத்தனை வயதில் நேர்ந்தாய் என்றார், சொன்னேன். தலையில் கை வைத்து ஜெபித்து, "சின்னப் புள்ள நீ அப்ப. விட்டாச்சு, போ. ஸ்டெல்லாவ கேட்டேன்னு சொல்லு" என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மோட்டோவில் முதல் சிக்னல் வரைக்கும் லேசாக இருந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது தோன்றியது: சாமியாரை ஏமாற்றிவிட்டாய், மேலே இருப்பவரை ஏமாற்ற முடியாது.

அந்த வாரம் அக்காவிடம் இதைச் சொல்லும்போது பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பாங்கு முடியும்வரை அவர் பேசமாட்டார், அது அவர் வழக்கம். எனக்குப் பொறுமை கிடையாது. அந்த அமைதியில் நான்தான் உளறினேன்: "சாமியார் விட்டாலும் அவரு விடமாட்டாரு அக்கா." பாங்கு முடிந்தபின் சொன்னார்: "அப்ப சிக்கல் நேர்ச்சையில இல்ல தம்பி. நீங்க யாருக்கு நேர்ந்தீங்களோ, அந்த ஆளு யாருன்னு பாக்கணும். பழுதுக்கு ரிப்போர்ட் எழுதுவீங்கல்ல? அவரப் பத்தியும் ஒண்ணு எழுதிக் கொண்டாங்க."

எழுதினேன். ஒரே தாள், இரண்டு பத்தி. இடப்பக்கம் அவர் செய்பவை: நான் சிரித்தால் கவனிப்பார். ஆசையாக எதையாவது வைத்திருந்தால் எடுப்பார். காத்திருந்து அடிப்பார். இப்படிப் பதினோரு வரி. வலப்பக்கம் ஆதாரம்: முதல் கரு, இரண்டாம் கரு. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஆதாரப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: 'இது நடந்தது. சரி. அவர் செய்தார் என்பதற்கு?'

தொழிற்சாலையில் யாராவது இப்படி ஓர் அறிக்கை கொண்டுவந்தால் திருப்பி எறிந்திருப்பேன். எரிச்சலோடு கேட்டேன்: "அப்ப நீங்களே சொல்லுங்க, உண்மையில அவரு எப்படிப்பட்டவரு?"

"நான் சொன்னா, என் ரிப்போர்ட்ட நீங்க காப்பி அடிச்ச மாதிரி ஆயிரும்." தினமும் காலைப் பூசைக்குப் போகிறவர் இப்படிச் சொன்னார்.

கடைசியாக நான் அவரைப் பார்த்தது அவர் இறப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன். மெலிந்திருந்தார். "டயட்டா அக்கா?" என்றேன். "ஆமா லா, நீங்களும் ஒரு மாசம் இருந்து பாருங்க" என்று சிரித்தார். பழுது கண்டுபிடிப்பது தொழிலாம் எனக்கு. ஸ்டெல்லா மறுபடி கருவுற்றிருந்தாள்; அன்று என் ஸ்கேன் கதையைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஸ்டெல்லாவை மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு நான் கார் பார்க்கில் நின்றுவிடுவேன். திரையில் பிள்ளையைப் பார்த்தால் ஆசை வரும்; ஆசை வந்தால் மேலே இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

"பயம் போகட்டும் அக்கா, அப்புறம் உள்ள போறேன்."

"அது போகாது. அதையும் கூட்டிக்கிட்டுப் போங்க. உள்ள ரெண்டு நாற்காலி இருக்கும்."

அடக்கத்தன்று நம்மில் ஒருவர், "கடவுளுக்கு நல்லவங்கதான் வேணும், அதான் சீக்கிரமே கூப்டுக்கிட்டாரு" என்றார். கத்தியிருப்பேன். ஆனால் மூன்று நாளாக நானும் மனசுக்குள் அதைத்தானே வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்? கோயில் வாசல் அவ்வளவு அகலம். இருந்தும் உங்களில் ஒருவர், படிக்கட்டில் நான் பலமுறை கடந்தவர், என்னைக் கண்டதும் பழக்கத்தில் சுவரோடு ஒதுங்கி நின்றார். இந்த முறை இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டோம்.

அன்று வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்தேன். பன்னிரண்டாவது வரி எழுதினேன்: ஜெசிந்தா அக்காவை எடுத்துக்கொண்டார். வலப்பக்கம் கேள்வி எழுத ஆள் இல்லை. பென்சிலைத் தேடி நானே எழுதினேன்: 'இது நடந்தது. சரி. அவர் செய்தார் என்பதற்கு?' பதில் எழுத முடியவில்லை. அந்த வரியை அடிக்கவும் கை வரவில்லை. நான் குணமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இன்னும் அந்தப் பயத்துக்குள்ளேதான் மாட்டியிருக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாளும், இப்போது என் கையெழுத்தில் இருக்கும் அவர் கேள்வியும்தான்.

அடுத்த ஸ்கேனுக்குத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். கார் பார்க்கில் நிற்கவில்லை. உள்ளே உண்மையிலேயே இரண்டு நாற்காலிகள் இருந்தன. "அப்பாவா? இதுவரைக்கும் பார்த்ததே இல்லையே" என்றார் தாதி. "ஏழு மாசமா கார் பார்க்ல பிள்ளை வளத்துக்கிட்டு இருந்தாரு" என்றாள் ஸ்டெல்லா. பிள்ளையின் இதயத் துடிப்பு அறை முழுவதும் கேட்டது. பழக்கத்தில் மேலே பார்த்தேன். அங்கே ஃபேன்கூட இல்லை, வெறும் விளக்கு.

"அங்க இல்ல, இங்க பாருங்க" என்று ஸ்டெல்லா திரையைக் காட்டினாள்.

பார்த்தேன்.