சிவப்பு கார்டு மாட்டாதவர்கள்

போன மாதம் ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டு வந்து அப்போதுதான் உட்கார்ந்தேன். தகடு அடிக்கும் பிரெஸ் ஷாப்பிலிருந்து ஒரு சத்தம், கூடவே ஓர் அலறல். ஓடினேன்.

பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரெஸ் இன்னொரு முறை கீழே இறங்கியிருக்கிறது. ஓட்டிக்கொண்டிருந்த சத்தார் பாய், தகட்டை இடுக்கியால் எடுத்ததால் தப்பித்தார். இடுக்கி நசுங்கிவிட்டது. மனிதர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். செகந்திராபாத் அருகே நாச்சாரத்தில் உள்ள இந்தத் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் என் பொறுப்பு.

விசாரித்தால்... காலை ஷிஃப்ட்டிலேயே அது அப்படித்தான் இறங்கியிருக்கிறது. ஓட்டிய பெஞ்சமினுக்குத் தெரியும்.

இதற்கென்றே எங்களிடம் ஜப்பானிய முறை ஒன்று இருக்கிறது. மெஷினில் கோளாறு தெரிந்தால், பார்த்தவர் ஒரு சிவப்பு கார்டு மாட்ட வேண்டும். உடனே நிறுத்திச் சரிசெய்வோம். டிரெய்னிங் கொடுத்தாயிற்று, போஸ்டர் ஒட்டியாயிற்று, ஆளுக்கொரு லட்டும் கொடுத்தாயிற்று.

பெஞ்சமின் செகந்திராபாத் தமிழர். மறுநாள் காலை அவரைக் கூப்பிட்டேன். "ஏன்ப்பா மாட்டலை?"

"நக்கோ சார், வேணாம்னு விட்டுட்டேன். கார்டு மாட்டினா யாதகிரி பேரு கெட்டுடும். அந்த மெஷின்ல செகண்ட் ஷிஃப்ட் அவன்தானே? இந்த மாசம்தான் அவனைப் பர்மனென்ட் பண்றாங்க."

"கோளாறு மெஷின்ல. அவன் பேரு ஏன் கெடணும்?"

"போன மீட்டிங்ல ஜி.எம். கார்டை எண்ணிட்டு, இந்த மெஷினை ஓட்டுறது யாரு, எழுந்திருங்கன்னாரு. மெஷினா சார் எழுந்து நின்னுச்சு?"



"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க கார்டு மாட்டச் சொல்வீங்க. யாதகிரி வந்ததும் காதுல போட்டுடலாம்னு நினைச்சேன். அவன் ஏதோ கல்யாணத்துக்குப் போயிட்டான்... அவனுக்குப் பதிலா வந்த சத்தார் பாய் லேட். நான் லாலாகுடா பஸ்ஸைப் பிடிச்சுட்டேன் சார்." அழுதுவிட்டார்.

யாரைத் திட்டுவது? ஒரு நண்பனின் வேலையைக் காப்பாற்றப் போய், இன்னொரு நண்பனின் கையை...

பிரெஸ்ஸின் கிளட்ச்சை அன்றே சரிசெய்துவிட்டோம். அது சுலபம். ஜப்பானிலிருந்து கார்டை இறக்குமதி செய்தோமே, அதை மாட்டியவருக்கு நன்றி சொல்லும் பழக்கத்தை? அது கப்பலேறவே இல்லை. இங்கே கோளாறைச் சொல்வது என்றால் யாரையோ காட்டிக்கொடுப்பது என்றுதான் அர்த்தம்.

கார்டை எண்ணாதீர்கள் என்று ஜி.எம்.மிடம் சொன்னேன். "அப்புறம் பர்ஃபார்மன்ஸை எதை வச்சு அளக்கிறது?" என்றார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இந்த முறை சொல்லவில்லை. அலுப்பாக இருந்தது.

நாங்களே ஒரு வழி செய்துகொண்டோம். ஷிஃப்ட் மாறும்போது டீ இனி கேண்டீனில் இல்லை – மெஷின் பக்கத்தில். டீயைக் குடித்துக்கொண்டே, போகிறவர் வருகிறவரிடம் மெஷினின் உடம்பு எப்படி என்று சொல்ல வேண்டும். எழுதத்தான் தயக்கம், பேச்சில் யாரும் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. பக்கத்தில் நின்று கேட்டு, கார்டை நானே மாட்டுவேன். 'பொறுப்பு' என்ற கட்டத்தில் என் பெயர். யாதகிரியும் பர்மனென்ட் ஆகிவிட்டார்.

போன திங்கட்கிழமை மீட்டிங். ஜி.எம். வழக்கம்போல் கார்டுகளை எண்ணினார்.

"எல்லாத்துலயும் உங்க பேருதான் இருக்கு. எழுந்திருங்க."

எழுந்தேன். மூட்டுவலி வேறு.

பின்வரிசையில் ஒரே ஒருவர் கை தட்டினார். சத்தார் பாய் – இரண்டு கையாலும்.